ரங்கசாமிக்கு முன்னால் ஒருத்தி

ரங்கசாமி உபயம் செய்த ட்யூப்லைட்டில் வெளிச்சம் வராது; பேர்தான் வரும். 'மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை அதிபர், கொடைவள்ளல்' என்று தொடங்கிப் பேரன் பேத்தி வரைக்கும் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி, மிச்சம் இருக்கிற இரண்டு விரல் இடத்தில்தான் அது எரிந்தாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் அவருடைய கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துப் பிள்ளையார் கோயில் முழுக்க இந்த லைட்தான். பிள்ளையார் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் அந்த வார்டின் பில் கலெக்டர் ஆனந்தவள்ளி. வீட்டு வரி வசூலிப்பது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அரசாங்கப் பள்ளிக்கூடம், மதியச் சாப்பாடு, பஸ் பாஸ், சைக்கிள், ஸ்காலர்ஷிப் என்று ஊரார் கட்டிய வரியில் படித்து மேலே வந்தேன். என் டிகிரிக்கு உபயம் எழுத வேண்டுமென்றால் ட்யூப்லைட் பத்தாது. அதனால்தான் வரி கட்டாமல் டபாய்க்கிற ஆளைப் பார்த்தால், என் தட்டில் கை வைத்த மாதிரி எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் மண்டபத்துக்குப் போனேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே அண்டா உருட்டும் சத்தம். ரங்கசாமி நாற்காலியில் சாய்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சிரிப்பு.

"உக்காரும்மா. மோர் சாப்பிடறியா?"

"வேணாம் சார். மண்டபத்து வரி பாக்கி."

"மண்டபமா? இது வீடும்மா. வீட்டு ரேட்டு போட்டுக் குடுங்க, கட்டறேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்?"

"சொந்தக்காரப் பையன்."

"முந்தாநாள்?"

"அதுவும் சொந்தம்தான்."

"வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு கிறிஸ்டியன் ரிசப்ஷன்னு போர்டுல இருக்கே. அவங்களும் உங்க பங்காளியா சார்?"

அவர் கடகடவென்று சிரித்தார். இதுதான் அந்த ஆளிடம் உள்ள கஷ்டம். கோபமே படமாட்டார்.

"நீ நம்ம ஊருப் பொண்ணாமே? யாரு வீட்டுப் புள்ள?"

"உங்க மில்லுல மூட்டை தூக்குன அருள்ராஜ் பொண்ணு."

"அட, அருள்ராஜ் பொண்ணா! பாரேன், நம்ம சோத்துல வளர்ந்த புள்ள நம்மகிட்டயே வரி கேக்குது!"

"உங்க சோறு இல்ல சார். அவர் தூக்குன மூட்டைக்குக் கூலி. அந்த மூட்டை போன ரோடும் உங்க ரோடு இல்ல."

"சரிம்மா, சரி. நான் ஊருக்குச் செய்யாததா? அன்னதானம் போடறேன், தண்ணிப் பந்தல் வைக்கிறேன்…"

"அது நீங்களா குடுக்கறது. இது குடுத்தே ஆகவேண்டியது."

அவர் முன்னால் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உண்மையச் சொல்லட்டுமா? கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் குடுத்தா, அடிக்கிறப்பல்லாம் நாலு பேரு என்னை நெனைப்பான். வரி கட்டினா எவன் நெனைப்பான்? எந்தப் பைப்புல என் காசு ஓடுதுன்னு யாருக்குத் தெரியும்?"

தெரியாதுதான். அதுதானே அதன் அழகு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். எழுந்து வந்துவிட்டேன்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்து. கல்யாணத்துக்குக் கல்யாணம் அண்டா கழுவுகிற தண்ணீர் முழுக்க அந்தச் சந்தில்தான் வந்து நிற்கும். செங்கல் போட்டு அதன்மேல் தாண்டித் தாண்டித்தான் போகவேண்டும். பத்துப் பொருத்தம் பார்த்து நடக்கிற கல்யாணத்தின் சாம்பார், வெள்ளையம்மாள் அக்காவின் இட்லிக் கடை வாசலில் மிதக்கும். அக்காவுக்கு அங்கே ஒரு ஓட்டு வீடு. முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். ஒவ்வொரு ஏப்ரலிலும் வார்டிலேயே முதல் ஆளாக வரி கட்டிவிடுகிறவர் அவர்தான்.

"என்ன ஆபீசரம்மா, மொகம் வடைச்சட்டி மாதிரி காயுது? ஆளு குடுத்தாரா?"

"மோர் குடுக்கறேன்னார்."

"வாங்கியாந்திருந்தா இந்தத் தண்ணியில ஊத்தியிருக்கலாம். கொஞ்சம் வெள்ளையாவாவது தெரியும்." சிரித்துவிட்டு, இட்லித் தட்டைத் துடைத்தபடி கேட்டார்: "வடிகால் வந்துருமா பாப்பா? போன மழைக்கு மாவுப் பானையே மிதந்துச்சு. இன்னொரு மழைக்கு நான் இங்க கடை போட முடியாது."

விஷயம் இதுதான். மார்ச்சுக்குள் வரிப் பாக்கியை முழுசாக முடிக்கிற வார்டில் வடிகால் வேலையை முதலில் எடுப்பதாக மேலே சொல்லியிருந்தார்கள். முடிக்காவிட்டால் அந்தப் பணம் வேறு வார்டுக்குப் போய்விடும். எங்கள் வார்டில் எல்லாரும் கட்டியாயிற்று. மண்டபம் ஒன்றுதான் மிச்சம்.

"வந்துரும்க்கா," என்றேன். யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆபீசில் என் மேலதிகாரி மாதவன் சார் உற்சாகமாக இருந்தார். "ஆனந்தவள்ளி, முடிஞ்சுது! போன்ல பேசிட்டேன். மண்டப ரேட்டுலயே மொத்தப் பாக்கியையும் கட்டறாராம். ஒரே ஒரு கண்டிஷன். முப்பத்தொண்ணாம் தேதி சின்னதா ஒரு மேடை, மைக், போட்டோகிராபர். பொன்னாடை போர்த்தணும்."

"எதுக்கு சார் பொன்னாடை? கட்டாம இருந்ததுக்கா?"

"ஏம்மா, ஒரு துணி. போர்த்தினா என்ன குறைஞ்சுடும்?"

"முதல் ஆளா கட்டின இட்லிக்கார அக்காவுக்கு நாம ஒரு டீ வாங்கிக் குடுத்தோமா சார்? இழுத்தடிச்சவருக்குப் பொன்னாடையா?"

"அவங்களுக்கும் போர்த்து. இன்னும் ஒரு பத்துப் பேருக்குப் போர்த்து. எனக்கு வசூல் வேணும்."

சரி என்று சொல்லிவிட்டு நேராகத் தலைமை எழுத்தர் சக்ரபாணி சாரிடம் போனேன். உத்திர வீதிக்காரர். பெருமாள் கோயிலில் அவர் குடும்பத்துக்கு ஒரு தீர்த்த மரியாதை உண்டு. யாருக்குப் பின்னால், யாருக்கு முன்னால் என்று கேட்டால் போதும், மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுச் சொல்வார். யாரோ ஒருவர் முந்தி நின்றுவிட்டார் என்று அவருடைய தாத்தா காலத்தில் கோர்ட்டுக்குப் போன வழக்கின் தீர்ப்பை வரி வரியாக ஒப்பிப்பார்.

"சார், விழாவுல பேர் கூப்பிடறது நீங்கதான். மரியாதைக்கு யாரை முதல்ல கூப்பிடறது?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இதென்ன கேள்வி? மரியாதைன்னா கிரமம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? யார் முதல்ல கைங்கர்யம் பண்ணினாளோ அவாதான் முதல்."

"நிறையக் குடுத்தவங்க இல்லையா?"

"பெருமாள் என்ன தராசா வச்சிண்டிருக்கார்?"

இது போதும் எனக்கு. அத்தனை பேரின் பெயரையும் கட்டிய தேதிப்படி எழுதிக் கொடுத்தேன். மாதவன் சாரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

முப்பத்தொண்ணாம் தேதி ஆபீஸ் வாசலில் ஷாமியானா போட்டாயிற்று. ரங்கசாமி தம் ஆட்கள் புடைசூழ வந்தார். சட்டைப் பையில் செக் கவர் துருத்திக்கொண்டு நின்றது. முன்வரிசையின் நடுநாற்காலியில் உட்கார்ந்து, போட்டோகிராபரைப் பார்த்துத் தலையைச் சற்றே நிமிர்த்தினார். சந்துக்காரர்கள் பின்னால் நின்றார்கள்.

சக்ரபாணி சார் மைக்கைத் தட்டினார். பிரம்மோற்சவத்தில் அழைப்பது போல நீட்டி முழக்கினார்: "இந்த வருஷத்து வரிக் கைங்கர்யத்தில் முதல் மரியாதை… ஸ்ரீமதி வெள்ளையம்மாள்!"

எழுந்து பாதி நின்றுவிட்ட ரங்கசாமி அப்படியே நின்றார். எழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று வேட்டியைச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார்.

அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேடை ஏறினார். பொன்னாடை போர்த்தினார்கள். சந்து விசிலடித்தது. அடுத்து ஆட்டோ ஓட்டுகிற வளவன். அடுத்து தையல் கடை சம்ரீன். ரங்கசாமியின் முகத்தில் அந்த வெள்ளைச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது.

"மாதவன் சார், இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?" என்று எழுந்தார். செக் கவரை உள்பைக்கு மாற்றினார். "இட்லிக்காரிக்கு அப்புறம், ஆட்டோக்காரனுக்கு அப்புறம்… வரேன்."

மாதவன் சார் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை ஒரு தடவை போய்விட்டு வந்தது. ஆனால் நான் பயந்தது அதற்கு இல்லை. என் பிடிவாதத்தால் சந்தின் வடிகால் இதோ நடந்து காருக்குப் போகிறது.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. மேடையிலிருந்து ஓடிவந்து பொன்னாடையைக் கழற்றினார். "ஐயா, இந்தாங்க. நீங்களே போட்டுக்குங்க. அடுப்படியில எனக்கு எதுக்கு இது? பணத்தக் கட்டிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நீ போட்டுக் கழட்டினதை நான் போடவா?"

"போர்த்தினத எடுக்கப்படாது!" என்று மைக்கிலேயே கத்தினார் சக்ரபாணி சார். "இந்த வருஷக் கிரமம் முடிஞ்சு போச்சு. இனிமே மாத்த முடியாது."

ரங்கசாமி நின்றார். திரும்பினார். "இந்த வருஷம்னா? அடுத்த வருஷம் யாரு முதல்ல?"

"நாளைக்கு ஏப்ரல் ஒண்ணு, புது வருஷக் கணக்கு. கார்த்தால கவுண்டர் திறக்கறச்சே யார் முன்னாடி நிக்கறாளோ, அவா."

"நான் நின்னா?"

"பேஷா நிக்கலாம். ஆனா பழைய பாக்கி வச்சிண்டு வரிசையில நிக்கப்படாது. அது கிரமமே இல்லை."

இப்படி ஒரு விதி எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. எனக்குத் தெரியும், மாதவன் சாருக்குத் தெரியும். ரங்கசாமி காரைப் பார்த்தார், போட்டோகிராபரைப் பார்த்தார், அக்காவின் தோளில் மறுபடி ஏறிவிட்ட பொன்னாடையைப் பார்த்தார். அப்புறம் உள்பையிலிருந்து கவரை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். வீட்டு ரேட்டு இல்லை, மண்டப ரேட்டேதான்.

"சரியா இருக்கா?"

"இருக்கு சார்."

அவரைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். நான்தான் போர்த்தினேன். சந்து அவருக்கும் விசிலடித்தது, கொஞ்சம் கூடுதலாகவே.

மறுநாள் காலை நான் கவுண்டர் திறக்க வந்தபோது வாசலில் ரங்கசாமியின் கார் நின்றிருந்தது. கார் மட்டும் முன்னால், ஆள் இரண்டாவது. அவருக்கு முன்னால் அக்கா, தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி நின்றிருந்தார். ரங்கசாமிக்குப் பின்னால் வளவன், சம்ரீன், முழுச் சந்து. பொன்னாடை என்றதும் போன வருடம் ஆகஸ்ட் வரை இழுத்தடித்தவர்கள்கூட வந்துவிட்டார்கள்.

"வெள்ளையம்மா, உனக்கு என்ன வேணும் சொல்லு. செஞ்சு தரேன். இடத்த மட்டும் விட்டுக் குடு."

"எனக்கு இந்த இடந்தாங்கய்யா வேணும்."

"அண்ணே, இடிக்காம நில்லுங்க," என்றான் வளவன். "நேத்துத்தான வரிசைக்கே வந்தீங்க. பழகிடும்."

ரங்கசாமி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நான் கம்ப்யூட்டரைப் போட்டேன். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா அருள்ராஜ் பொண்ணு, வெயில் ஏறுதுல்ல. வேணும்னே பண்றியா?"

"சர்வர் ஸ்லோ சார்." உண்மையாகவே ஸ்லோதான். இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவர் திருந்திவிட்டார் என்று எழுத மாட்டேன். பேருக்காகத்தான் நின்றார். நிற்கட்டும். சந்தில் அடுத்த வாரம் குழி தோண்ட ஆள் வருகிறது. ஓடப்போகிற தண்ணீருக்கு அவர் மனசு எதற்கு?

அக்காவின் ரசீது கிர்ரென்று வெளியே வந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினார்.

"அடுத்த வருசம் பாரு," என்றார் ரங்கசாமி. "முந்தின நாளே வந்து வாசல்ல பாயப் போட்டுப் படுத்துடுவேன்."

"படுங்கய்யா," என்றார் அக்கா, தூக்குச்சட்டியை எடுத்தபடி. "எனக்குப் பின்னாடி இடம் போட்டு வைக்கிறேன்."