பூஜ்யம் எண் டிஸ்க்

அக்காவின் குரல் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

தொண்டையில் அறுவை சிகிச்சை என்று முடிவானபோதே, பேச்சு போய்விடும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அதற்கு முன் மூன்று வாரம் அக்கா மைக்கின் முன்னால் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் பேசிப் பதிவு செய்தாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ‘சாப்பிட்டியா?’, ‘மழை வர்ற மாதிரி இருக்கு, துணியை எடு’, ‘உன்னைத் திருத்தவே முடியாதுடா’. வேண்டிய வரியைத் தட்டினால் கம்ப்யூட்டர் அவள் குரலில் பேசும்.

ஆனால் அது பத்து வயதான மெஷின். தட்டியது வெளியே வர அரை நிமிடமாகும். அக்கா திட்டத் தொடங்கினால், தம்பி செருப்பு மாட்டிக்கொண்டு தெருமுனை தாண்டிய பிறகுதான் திட்டு வந்து சேரும்.

“நல்லதுதானேக்கா, எனக்கு ஒண்ணுமே காதுல விழல” என்பான் தம்பி.

அக்கா நோட்டில் எழுதிக் காட்டுவாள்: “நாளைக்குத் திட்ட வேண்டியதை இன்னைக்கே தட்டி வெச்சிடறேன்.”

சிரிப்பாள். சிரிப்புக்கும் சத்தம் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் தம்பிக்கு அந்த மெஷினை எப்படியாவது வேகமாக்கிவிட வேண்டும் என்றிருக்கும்.

ராம் மெமரியைக் கூட்டி, பழைய டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கைப் போட்டால் பறக்கும் என்றார் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ரிப்பேர் கடைக்காரம்மா. “அதே அளவுலயே எடுத்துக்குங்க தம்பி. பழசை அப்படியே புதுசுக்குக் காப்பி பண்ணணும். இங்க கொண்டு வாங்க, நான் பண்ணித் தரேன்.”

“பத்து மாடி லிப்டையே அவுத்து மாட்டறவன்மா நான். இதென்ன பெரிய வேலை?”

“லிப்டு வேற, இது வேற” என்றார் அவர். ஆனாலும் காப்பி எடுக்கும் புரோகிராமை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார்.

பதிவுகளுக்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டுமென்று ஒரு வருடமாகவே நினைத்துக்கொண்டிருந்தான். இனி கழற்றி வைக்கும் பழைய டிஸ்க்கே நகலாகிவிடும் என்று அதையும் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை காலை அக்கா நூலக வேலைக்குப் போனதும் பெட்டியைத் திறந்தான். தூசி துடைத்தான், வாங்கி வந்த ராம் மெமரியைச் செருகினான். புதிய டிஸ்க்கின் ஒயர் முதல் சொருகில்தான் எட்டியது. பழையதை அடுத்ததற்கு மாற்றினான். பென் டிரைவைப் போட்டு இயக்கியதும் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன: டிஸ்க் 0, டிஸ்க் 1. இரண்டும் ஒரே அளவு.

அவன் யோசிக்கவே இல்லை. லிப்டில் பூஜ்யம் என்றால் தரைத்தளம். கட்டடத்தில் முதலில் எழுவது அதுதான், மற்றதெல்லாம் அதற்கு மேல். பதினெட்டு வருடமாக அந்தப் பொத்தானை அப்படித்தான் பார்த்து வந்தான். அப்படியென்றால் முதலில் இருந்த பழைய டிஸ்க்தான் பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு என்று அமுக்கினான். ‘டிஸ்க் 1-இல் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?’ என்று கேட்டது. புதிய டிஸ்க்கில் அழிய என்ன இருக்கிறது? சம்மதம் என்றான்.

ஒன்றரை மணி நேரம் ஓடியது. நடுவில் மின்சாரம் போய்விடக் கூடாதென்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டான். மின்சாரம் போகவில்லை. நூறு விழுக்காடு, வெற்றி என்று வந்தது. கைகூப்பி நன்றி சொன்னான்.

பிறகு மெஷினை அணைத்து, புதிய டிஸ்க்கை மட்டும் வைத்து இயக்கினான். கறுப்புத் திரை. பழையதை மாட்டினான். அதிலும் கறுப்புத் திரை.

கடைக்காரம்மா இரண்டு டிஸ்க்கையும் தன் மெஷினில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். தம்பி நின்றுகொண்டே இருந்தான்.

“எதை எதுக்குக் காப்பி பண்ணீங்க?”

சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“முதல் சொருகுல இருக்கறதுதான் பூஜ்யம். வெறும் டிஸ்க்கை எடுத்துப் பழசு மேல எழுதிட்டீங்க தம்பி.”

“ஓரமா ஏதாவது ஒட்டிட்டு இருக்காதாம்மா? நாலு வார்த்தை போதும்.”

“முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பார்த்துட்டேன். ஒண்ணுமில்ல.”

“பெரிய ஊர்ல யாராவது…”

“யார்கிட்ட போனாலும் இல்லப்பா. வீணா உங்களை அலையவிட எனக்கு மனசு வரல.”

தம்பி இரண்டு டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டான். படியிறங்கப் போனவன் இறங்காமல் நின்றான். அவர் சாவியை எடுத்தார். வாசலில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். திங்கட்கிழமை வரச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினார்.

“எதுக்கும்மா?”

“தனியாப் போய்ச் சொல்ற விஷயமா இது? நடங்க.”

சரிசெய்து தர அவரால் முடியாது. கூட நடக்க முடியும். கடவுள் அன்றைக்கு அவன் பக்கம் அனுப்பிவைத்தது அவ்வளவுதான், அதைக் குறைவென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா வீடு திரும்பியிருந்தாள். திறந்து கிடந்த பெட்டியின் முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தம்பி பழைய டிஸ்க்கை எடுத்து அவள் முன் வைத்தான். கடைக்காரம்மாதான் நடந்ததைச் சொன்னார், கூட்டாமல் குறைக்காமல்.

அக்கா நோட்டை இழுத்து எழுதினாள்: “எல்லாமா?”

தம்பி தலையாட்டினான். தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவனைக் கூப்பிட அக்கா உதட்டை அசைத்தாள். காற்றுதான் வந்தது. நோட்டில் இன்னும் ஏதோ எழுதப் பேனாவை எடுத்தாள். கீழே வைத்துவிட்டாள்.

கடைக்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தார். சற்றுப் பொறுத்து, “நான் கிளம்பட்டாம்மா?” என்று கேட்டார்.

அக்கா கையை விடவில்லை.

அவர் இன்னொரு கையால் போனை எடுத்து, வர நேரமாகும் என்று வீட்டுக்குச் சொன்னார்.