அச்சுக்கு முன்னால் இரண்டு அங்குலம்

டோரீன் கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் நிமிர்ந்தபோது, எதிரே பதினொரு மடக்கு நாற்காலிகள் வந்து உட்கார்ந்திருந்தன.

அந்த முகாமில் யார் தங்கள் டிரெய்லர் வீட்டை வண்டியில் மாட்டினாலும் இதுதான் வழக்கம். கையில் காப்பியோடு வந்துவிடுவார்கள். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி கையசைப்பாள், நடுவில் சண்டை வரும். இன்று ஓட்டப்போவது பெண்டாட்டி. வயது அறுபத்திரண்டு. பத்தொன்பது வருஷம் ஓட்டிய புருஷன் வெர்லினுக்குக் கண் மங்கி, மே மாதம் லைசென்ஸ் போய்விட்டது.

முதல் நாற்காலி பக்கத்து இடத்து ட்வைட்டுடையது. நண்பகலுக்குள் டோரீன் முகாம் கேட்டைத் தாண்டாவிட்டால் டிரெய்லரை அவனுக்கே விற்றுவிடுவதாக வெர்லின் வாக்குக் கொடுத்திருந்தான். நேற்று. அவளைக் கேட்காமல். அவர்களுக்கு வீடென்று இருந்ததே அந்த டிரெய்லர்தான். அது போனால் ஃபார்கோவில் மகள் வீட்டு நிலவறை.

"ஹிட்சை எங்க வெச்சீங்க அம்மணி?" என்றான் ட்வைட்.

டிரெய்லரின் கழுத்தைக் கவ்வும் அந்த இரும்புத் தாடையை டோரீன் தட்டிக் காட்டினாள். "பின் ஆக்சிலுக்கு ரெண்டு இஞ்ச் முன்னால."

"இது குட்டைத் தொட்டி வண்டி. மடக்கித் திருப்பினா டிரெய்லர் மூக்கு கேபின் கண்ணாடியைப் பேத்துடும். நாலு இஞ்ச் பின்னால தள்ளுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"பின்னால வெச்சா பாரமெல்லாம் வால்ல உட்காரும். முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாம ஓடும். ஸ்டியரிங் என் கையில இருக்கும், வண்டி இருக்காது. கண்ணாடி போனா வேற போட்டுக்கலாம்."

"வெர்லின், நீயாவது சொல்லுப்பா."

"நான் என்னத்தைச் சொல்ல. எனக்குத்தான் கண்ணே தெரியலையே."

"கண்ணுதானே போச்சு," என்றாள் டோரீன். "வாய் நல்லாத்தானே வேலை செய்யுது. நேத்து யாரைக் கேட்டு வாக்குக் குடுத்த?"

நாற்காலிகள் சிரித்தன. வெர்லின் சிரிக்கவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்து மெதுவாகப் பின்னால் எடுத்தாள். க்ளக். தாடை கவ்வியது. டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். கழன்றுவரவில்லை. இறங்கி டிரெய்லரின் முட்டுக்கால்களைத் தூக்கினாள். மணி பதினொன்று இருபது.

சிக்கல் கேட்டுக்கு முன்னால்தான். பருத்த காட்டன்வுட் மரத்தைச் சுற்றி வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். டிரெய்லரின் பாதி அகலம் நாற்பத்தெட்டு அங்குலம். ஹிட்சிலிருந்து கேபினுக்கு நாற்பத்தொன்றுதான். நான்கு தடவை அளந்திருந்தாள். முழுசாக மடக்கினால் இடிக்கும். கொஞ்சம் மடக்கி, பின்வாங்கி, மறுபடி மடக்க வேண்டும். எங்கே நிறுத்துவது? மறுபடி ஏறிப் பார்த்தாள்; பின்கண்ணாடி நிறைய டிரெய்லரின் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. தூரம் தெரியவில்லை.

இறங்கினாள். துடைப்பத்தை எடுத்து, ஓரத்து நாற்காலியில் இருந்த வெர்லின் மடியில் போட்டாள்.

"கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல இதை நீட்டிப் புடிச்சிக்கிட்டு நடந்து வா. நெருக்குச்சுன்னா கதவைத் தட்டு."

"எனக்குத் தெரியாது டோரீன்."

"உனக்குத் தெரிய வேண்டாம். துடைப்பத்துக்குத் தெரியும்."

"அவரை ஏன் அலைய விடறீங்க," என்றான் ட்வைட்.

டோரீன் அவன் பக்கமே திரும்பவில்லை. "நீ வராட்டியும் போவேன் வெர்லின். கண்ணாடியோட போறதா, இல்லாமப் போறதா, அது உன் இஷ்டம்."

ஏறினாள். காத்திருக்கவில்லை. வண்டி நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் வெர்லின் எழுந்து, தொட்டியின் விளிம்பைத் தடவிப் பிடித்து நடப்பது தெரிந்தது.

தட். பிரேக். பின்வாங்கல். தட். பிரேக். நான்காவது ஒடிப்பில் வழியை மொத்தமாக அடைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் மூன்று வண்டிகள். ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான்.

ஜன்னலை இறக்கினாள். "ஹாரன் உன்னோடது. ரோடு இப்ப என்னோடது."

ஐந்தாவது ஒடிப்பில் படாரென்று சத்தம். பிரேக்கை மிதித்துவிட்டுக் கண்ணை மூடினாள். கண்ணாடி கொட்டவில்லை.

"துடைப்பம்தான்," வெர்லினின் குரல். "ரெண்டா போச்சு. இன்னும் நாலு விரக்கடை இருக்கு. இடப்பக்கம் முழுசா ஒடிச்சுப் பின்னால வா. வா. இன்னும் வா. போதும். இப்ப நேராப் போ, போயிட்டே இரு."

பல மாதங்களுக்குப் பிறகு அவன் குரலில் அதட்டல் வந்திருந்தது.

கேட்டைத் தாண்டி நிறுத்தியபோது பதினொன்று ஐம்பத்திரண்டு. ட்வைட் ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"வெர்லின், இவ்வளவு நேரம் ரோட்டை அடைச்சதெல்லாம் கணக்குல வராது. நம்ம பேச்சு..."

"பேச்சு கேட்டைத் தாண்டறது," என்றான் வெர்லின். "தாண்டியாச்சு. வழியை விடு."

டோரீன் எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். அவன் தடவி ஏறினான்.

"இனிமே என்னைக் கேக்காம வாக்குக் குடுப்பியா?"

"மாட்டேன்."

"குடுத்தா டிரெய்லரை விக்க மாட்டேன். உன்னைத்தான் விப்பேன்."

"யாரு வாங்குவா?"

"அதனாலதான் ஏத்திக்கிட்டுப் போறேன்," என்றபடி அவள் கியரைப் போட்டாள்.