கண்ணாடி ஏற்றிய வண்டி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மெக்ஸிகோவின் மெஹிகாலி நகரத்தில், ஜூலை மாதத்தில், நாற்பத்தேழு டிகிரி வெயிலில், நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்ட ஒரு காருக்குள் பிறந்தது. ஏசி வேலை செய்யவில்லை. ஓட்டியவர் என் கணவர், பக்கத்தில் இருந்தது நான். கதையில் அவருக்கு ஃபிதென்சியோ என்று பெயர். என் இடத்தில் அவுரேலியா என்று ஒருத்தியை உட்காரவைத்திருக்கிறேன். 'நான்' என்று எழுதினால் புலம்பல் ஆகிவிடும்.

ஏசி ஓடவில்லை என்றால் கண்ணாடியை இறக்கவேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் ஊரில் ஜூலையில் கண்ணாடியை இறக்குவது, வீட்டில் அடுப்பெரியவில்லை என்று தெருவில் நின்று சொல்வதற்குச் சமம். அதனால் ஏற்றியே ஓட்டுவோம்.*

(* சிக்னலில் பக்கத்து வண்டியைப் பாருங்கள். கண்ணாடியும் ஏற்றி, கழுத்தில் துண்டும் போட்டிருந்தால் அவனும் நம் ஆள்தான்.)

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

'ஏசிக் குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தால், முதலில்—' வேண்டாம், வண்டியோடு கொடுக்கிற புத்தகம் மாதிரி இருக்கிறது.

'ஃபிதென்சியோ பிடிவாதக்காரர். அவருடைய—' இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டால் வாசகருக்கு என்ன வேலை?

மூன்றாவது இது. ஃபிதென்சியோ முப்பத்தொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கார் ஏசிக் குழாயில் கேஸ் கசிகிறது என்று தெரிந்தபோது அவர் முகத்தில் வருத்தத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகம் தெரிந்தது. சோப்பு நுரையைத் தடவி, குமிழி எங்கே கிளம்புகிறது என்று கண்டுபிடித்தார். இணைப்பிலிருந்த ரப்பர் வளையத்தை மாற்றி, கேஸ் ஏற்றினார். ஒன்பது நாள் குளிர்ந்தது. மறுபடி அனல் காற்று. மறுபடி வளையம். இந்தத் தடவை நான்கே நாள்.

"லிப்ரதோகிட்ட விடு, கிழவா. ஒரு மத்தியானத்துல குழாயவே மாத்திக் குடுத்துருவான்" என்றாள் அவுரேலியா. லிப்ரதோ அவளுடைய தம்பி. பெரிய சாலையில் கார் ஏசிப் பட்டறை வைத்திருக்கிறான்.

"உன் தம்பியா? ஆறாங்கிளாஸத் தாண்டாதவன் எனக்குக் கேஸப் பத்திப் பாடம் எடுக்கணுமா?"

"பாடம் யாரு கேட்டா? குழாயக் கேளு."

"இன்னும் ரெண்டு நாள் பொறு, கிழவி."

பொறுக்க முடியாத காரணம் ஒன்று உண்டு. ஜூன் மாதம் அவுரேலியா மருந்துக்கடை வாசலில் மயங்கி விழுந்தாள். இதயம் பலவீனம், இனி வெயிலில் வேகவே கூடாது என்றார் டாக்டர். ஆனால் செவ்வாய்தோறும் அவரைப் பார்க்க அவள் முக்கால் மணி நேரம் காரில் போயாக வேண்டும்.

3

இங்கே எனக்கு ஃபிதென்சியோ மேல் சந்தேகம் வருகிறது. இவ்வளவு படித்தவர், மனைவி மேல் உயிரை வைத்திருப்பவர், ஏன் பட்டறைக்குப் போகவில்லை? காசுக் கணக்கா? [இல்லை. அக்கா வண்டிக்கு லிப்ரதோ ஒரு பெசோகூட வாங்கமாட்டான். அதுதான் அவருக்குத் தாங்காது.]

இன்னொரு காரணமும் இருக்கிறது. பட்டறைச் சுவரில் சிவப்பில் எழுதியிருக்கும்: 'ஓட்டை அடைக்கும் பசை ஊற்றிய வண்டிகளைத் தொடமாட்டோம்.' அந்தப் பசை, கேஸை உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்துக்குள் போய் இறுகிவிடும். ஈஸ்டர் விருந்திலேயே லிப்ரதோ சொன்னான்.

"மச்சான், நீங்க என்ன வேணா செஞ்சு பாருங்க. அந்தப் பசை டப்பாவ மட்டும் ஊத்திராதீங்க. என் மெஷினு போயிரும்."

"என்னைப் பாத்தா டப்பா ஊத்துறவன் மாதிரியா தெரியுது?"

ஊற்றினார். அவுரேலியா மதியம் தூங்கும்போது ஊற்றி, காலி டப்பாவைக் குப்பைக்கூடையின் அடியில் தர்பூசணித் தோலுக்குக் கீழே ஒளித்துவைத்தார். கசிவு நிற்கவில்லை. அவுரேலியா தூங்கவும் இல்லை.

4

செவ்வாய்க்கிழமை. லிப்ரதோவின் பட்டறைக்கு நேர் எதிரே சிக்னல், சிவப்பு. பட்டறை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த லிப்ரதோ கையை ஆட்டினான்.

"சிரி, கிழவி. உன் தம்பி பாக்குறான்."

"சிரிச்சுட்டுத்தான் இருக்கேன். கண்ணு இருட்டிட்டு வருது."

"இதோ பச்சை விழுந்துரும்."

ஃபிதென்சியோவின் விரல் கண்ணாடிப் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் மச்சானின் முகம், சுவரின் சிவப்பு எழுத்து, தர்பூசணித் தோல், எல்லாம் உள்ளே வந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

முடிவு ஒன்று: அழுத்துகிறார். "மச்சான், டப்பா ஊத்திட்டேன்" என்கிறார். லிப்ரதோ வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு அக்காவை உள்ளே தூக்கிப்போய்க் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கிறான்.

முடிவு இரண்டு: பச்சை விழுகிறது. வண்டி நகர்கிறது. அவுரேலியாவின் தலை மெல்ல—

இதை என்னால் முடிக்க முடியவில்லை. அது என் தலை.

5

நீங்கள் முதலிலிருந்தே கேட்க நினைத்த கேள்விக்கு வருகிறேன். அவுரேலியாவின் பக்கம் பொத்தான் இல்லையா?

இருக்கிறது. ஒரு சாண் தூரம்.

நான்கு பகுதிகளாக அவரைக் குற்றம் சொல்லி எழுதிவிட்டு, இதை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன். என் தம்பி முன்னால் என் கணவர் தலைகுனிவதை நான் பார்க்க மாட்டேன். அவ்வளவு பிரியம் எனக்கு அவர்மேல். அதோடு, அவரே கண்ணாடியை இறக்கட்டும் என்ற வீம்பும் இருந்தது. அந்த வீம்புக்காகச் சாகக்கூடத் துணிந்திருந்தேன் என்று எழுதும்போதுதான் தெரிகிறது. பயமாக இருக்கிறது.

அன்று யாரும் இறக்கவில்லை. பச்சை விழுந்தது. டாக்டர் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, என்னைத் திட்டினார். என் கணவர் நடைபாதையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதையில் இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.

முடிவை வாசகரிடம் விடுகிறேன். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவர் என் கணவர்தான். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து பிழை திருத்துவார். டப்பாவை நான் பார்த்தது அவருக்கு இன்னும் தெரியாது. சாப்பாட்டு மேஜையில், அவர் தட்டுக்குப் பக்கத்தில், இந்தத் தாள்களை வைக்கப்போகிறேன். நாளை செவ்வாய். கடைசி வரியை மட்டும் முடிக்காமல் விட்டிருக்கிறேன்:

நாளைக்கும் நீ கண்ணாடியை இறக்காவிட்டால், கிழவா, நான்—