தலைமன்னார்ப் பண்டசாலை வழக்கு

யசிந்தா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தகப்பன் ஸ்ரனிஸ்லாஸின் இடது கன்னத்தை வழித்து முடித்து, றேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசியபோது அவர் கண்ணைத் திறந்தார்.

"லண்டனிலயிருந்து கடிதம் ஏதும் வந்ததே?"

"இல்லை."

"நாலு மாசமாகுது."

"அவைக்கு உங்களை விட்டா வேற அலுவல் இல்லையாக்கும். முகத்தை இஞ்சால திருப்புங்கோ."

இன்றைக்கோ நாளைக்கோ என்று டொக்டர் சொல்லியாயிற்று. எண்பது வயது. சாகிற நேரத்திலும் இந்த மனிசனுக்கு ஒரு செபம் வாயில் வரவில்லை, வழக்குத்தான் வருகிறது.

ஸ்ரனிஸ்லாஸின் தகப்பன் மனுவேல் தலைமன்னார்த் துறையில் சுங்கப் பண்டசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர். வெள்ளைக்காரன் காலம். முப்பத்தொன்பதில் பண்டசாலையில் ஒரு கட்டுப் பட்டுத்துணி குறைந்தது. விசாரணை எதுவும் இல்லை, மனுவேலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கிரவுனுக்கு, அதாவது பிரித்தானிய முடிக்கு, எதிராக வழக்குப் போட்டார். கிரவுனுக்கு விருப்பமுள்ளவரைக்கும்தான் ஒருவன் அதன் ஊழியன், ஏன் நிறுத்தினாய் என்று நீதிமன்றம்கூடக் கேட்க முடியாது என்று அரசாங்க வக்கீல் எழும்பிச் சொன்னார். நீதவான் தலையாட்டினார். அரைநாளில் முடிந்தது. துணியை மனுவேல் எடுத்தாரா இல்லையா என்று அந்தக் கோட்டில் ஒருவரும் கேட்கவேயில்லை.

மனுவேல் செத்தபிறகு மகன் தொடங்கினார். காசு வேண்டாம், என் தகப்பன் கள்ளனில்லை என்று ஒரு வரி எழுதித் தா என்பதுதான் அவருடைய கோரிக்கை. கொழும்புக்கு எழுதினார், லண்டனுக்கு எழுதினார், அரண்மனைக்கும் எழுதினார். யசிந்தாவைப் பதின்மூன்று வயதில் ரைப்பிங் பழக விட்டதே இதற்குத்தான். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்று இங்கிலீசில் அடித்து அடித்து அவளுக்கு வெறுத்துப்போயிற்று. காலால் உதைத்து வெளியே தள்ளினவனுக்கு என்ன கீழ்ப்படிவு? 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று எப்போதாவது ஒரு பதில் வரும். அதையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற மனிசன்.

தொண்ணூறில் சண்டைக்குத் தப்பிப் பேசாலைக் கரையில் வள்ளம் ஏறும்போது ஆளுக்கு ஒரு பைதான் என்றான் ஓட்டி. ஸ்ரனிஸ்லாஸ் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டார். இழுப்புக்காரியான அம்மாவின் மருந்துப் பை கரையிலேயே கிடந்தது. மண்டபம் அகதி முகாமில் அம்மா ஏழு மாதம்தான் உயிரோடு இருந்தாள். அதன்பிறகு, இங்கே டண்டினொங்குக்கு வந்த பிறகும், யசிந்தா தகப்பனுக்குச் சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள். மதிக்க மட்டும் இல்லை.

மற்றக் கன்னத்தில் றேசரை வைத்தாள்.

"யசி."

"ம்."

"என்ர அப்பு எடுத்தவர்."

"என்னத்தை?"

"அந்தத் துணியை."

அவள் றேசரை விலக்கினாள்.

"என்ர புதுநன்மைக்கு, முதல் நற்கருணைக்கு. வெள்ளைச் சட்டை. என்ர அம்மாதான் தைச்சவ. மிச்சத்தைக் கிணத்துக்குள்ள போட்டவை."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனவன் நான்தானே."

"பிறகேன் இவ்வளவு காலமும்..."

அவர் மூச்சைச் சேர்த்தெடுக்க நேரமாயிற்று. "அவங்கள் கேக்கேல்லையே, பிள்ளை. எடுத்தனியோ எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. நாயைக் கலைக்கிறமாதிரிக் கலைச்சவங்கள்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள். யசிந்தா துவாயை எடுத்தாள்.

"மேலுதட்டில நுரை கிடக்குது. கதையாதேங்கோ."

பின்னேரம் நாலு மணிக்கு அவர் போய்விட்டார்.

கோயிலில் அடக்கப் பூசைக்குப் பிறகு ஜெயரட்ணம் பேசினார். சிட்னியில் ஏதோ சங்கத்துக்குத் தலைவர். ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து கிழமையும் ஒரு போன்கூட எடுக்காத மனிசன், மரணவீட்டு மைக்கைக் கண்டதும் அங்கே வென்ட்வேர்த்வில்லில் இருந்து பறந்து வந்திருந்தார். "பிரித்தானிய முடியையே கூண்டில் ஏற்றிய குடும்பம் இது. அடுத்தவனின் நூலொன்றைக்கூடத் தொடாத சூசையின் மகன்" என்றார். மனுவேலின் பெயர்கூடத் தெரியாது. சனம் தலையாட்டியது. ஒரு அன்ரி கண்ணைத் துடைத்தார். முன்வரிசை வாங்கில் இருந்த யசிந்தா கையிலிருந்த பாட்டுத்தாளை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்தாள்.

சவக்காலையில் பெட்டியை இறக்கி, பூப்போட்டு, சனம் கார்களுக்குத் திரும்பியபோது அவர் அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, அந்த வழக்குக் கட்டை எனக்குத் தாங்கோ. சங்கத்தில வைப்பம். வருங்காலப் பிள்ளையளுக்கு அது ஒரு வரலாறு."

"அதை அவரோடயே வைச்சிட்டன்."

"பெட்டிக்குள்ளயோ?"

"ஓம். காலடியில."

ஜெயரட்ணம் குழியை எட்டிப் பார்த்தார். "என்ன வேலை செய்தனீங்கள்? எவ்வளவு பெரிய ஆவணம்."

"உங்களுக்கு என்னத்துக்கு அங்கிள்? மைக்கில சொல்லக் கடதாசி தேவையில்லையே."

அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "கடைசியா அப்பா வழக்கைப்பற்றி ஏதும் சொன்னவரே?" என்று கேட்டார்.

யசிந்தா அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணி கேட்டவர்," என்றாள்.

அவர் போனபிறகு அவள் மட்டும் நின்றாள். இந்த நாட்டு ஜூலைக் குளிர். மழை தூறத் தொடங்கியிருந்தது. சற்றுத் தள்ளி, மண் தள்ளும் மெஷினின் படியில் நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரன் குந்தியிருந்து சான்ட்விச் தின்றுகொண்டிருந்தான். அவள் பார்ப்பதைக் கண்டு அதைச் சுற்றி வைத்தான், வாயைத் துடைத்தான், எழும்பித் தொப்பியைக் கழற்றினான். குழியை மூடத் தொடங்கலாமா என்று கேட்டான்.

அவள் தலையசைத்தாள். அவள் புல்லைத் தாண்டி ரோட்டில் ஏறும்வரை அவன் எஞ்சினைக் கிளப்பவில்லை.