வேலிக்குள் சங்கு ஊதக் கூடாது

கீழே சேகண்டி அடிக்கத் தொடங்கியபோது ராக்கு தன் தோட்டத்துப் படலின் இரண்டாவது கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த கம்பி விரலைக் கிழித்தது. கிழிக்கட்டும் என்று இன்னொரு சுற்று முறுக்கினாள்.

காலையிலேயே சேதி வந்துவிட்டது. அண்ணன் கன்னையன் போய்விட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, ஜீப்புக்கு ஆள் அனுப்பி, ஜீப்பு அடிவாரத்துக் குரங்கணியிலிருந்து ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். சொல்ல வந்த பெண், கூடப் பிறந்தவள் அலறுவாள் என்று எதிர்பார்த்துச் சற்று நின்றாள். ராக்கு "சரி" என்றாள். பிறகு பரணில் கிடந்த கம்பியைத் தேடி எடுத்தாள்.

ஓடைக்கரைச் சுடுகாட்டுக்கு இப்போது இருப்பது ஒரே வழி. பழைய பாதை போன ஐப்பசி மழையில் சரிந்து ஓடையோடு போய்விட்டது. அதற்குப் பிறகு ஊரில் விழுந்த முதல் சாவு, ஊர் நாட்டாமையான அண்ணனின் சாவு. பாடை போகவேண்டுமானால் ராக்குவின் ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்துதான் போகவேண்டும். அவள் புருஷன் ஞானதுரை வாங்கிப் போட்ட தோட்டம். அவரைப் புதைக்க ஆறடி கொடுக்காத ஊர், அவருடைய மண்ணில் கால் வைக்க அனுமதி கேட்டு வரப்போகிறது. நினைக்க நினைக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கமெல்லாம் படவில்லை. புருஷன் போனதிலிருந்து இந்த ஒரு நாளுக்காகத்தான் சோறு தின்றிருக்கிறாள்.

ஞானதுரை போடியில் வேதக்காரக் குடும்பம். ஏலக்காய் வாங்க மலையேறி வந்தவர், ராக்குவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். வேதக்கோயிலில் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஞானபாக்கியம் என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் அன்றைக்குப் பேச்சை நிறுத்தினார். ஒரே தெருவில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, இருபத்தைந்து வருஷத்துக்குமேல் பேசாமல் இருந்தார். அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாதது ஞானதுரை செத்த அன்று நடந்தது. நல்ல மழை. போடியிலிருந்து சபைக்காரர்கள் பாட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கி வாசலைத் தாண்டும்போது, தெருமுனையில் அண்ணன் ஊரோடு நின்றார். "எங்க சாமி நடக்குற தெரு இது. பாட்டுக் கூடாது, ஜெபம் கூடாது, சத்தம் போட்டு அழுகவும் கூடாது. ஓடைக்கரையில எடமும் கெடையாது." சரி, எங்கள் தோட்டத்திலேயே புதைத்துக்கொள்கிறோம் என்றாள். அதற்கும் விடவில்லை. போலீசோடு வந்த அதிகாரி நல்ல மனுஷர்தான். குடைக்குள் நின்றுகொண்டு, "ஒங்க மதப்படி செய்ய சட்டத்துல ஒங்களுக்கு உரிமை இருக்கும்மா. ஆனா இன்னைக்கி அமைதி முக்கியம்" என்றார். அந்த உரிமையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. பெட்டியை ஜீப்பில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, வாயை மூடிக்கொண்டு போடி கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு வளைவிலும் பெட்டி இடித்தது. அந்தச் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கிடைத்த பாட்டு.

மகன் ஜான் விடாமல் கோர்ட்டுக்குப் போனான். எந்த மதத்துக்காரரும் தங்கள் முறைப்படி சவத்தைப் பொதுத் தெருவில் எடுத்துப்போகலாம், தடுக்கக்கூடாது என்று தீர்ப்பும் வந்தது. அதற்குள் கல்லறைமேல் புல் முளைத்துவிட்டது. தீர்ப்பைக் கேள்விப்பட்ட அண்ணன், டீக்கடையில் உட்கார்ந்து, "இனிமே சாகுறவன் பாடிக்கிட்டே போகட்டும்" என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பை ராக்கு பார்க்கவில்லை. ஆனாலும் தினம் அவள் காதில் விழுந்தது.

போடியில் ஏலக்காய்க் கடையில் வேலைபார்க்கும் ஜான் மத்தியானம் வந்து சேர்ந்தான். படலைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"என்னம்மா இது?"

"வேலி."

"அம்மா, வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்கா? அரசியல் சட்டத்துல இருபத்தஞ்சாவது பிரிவு. நமக்கு மட்டுமா எழுதியிருக்கு? மாமாவுக்கும்தான. அவுக முறைப்படி போக அவுகளுக்கும் உரிமை இருக்கு."

"அது கோர்ட்டுல. இது ஒங்கப்பன் வாங்குன எடம்."

"அப்பா இருந்தா தெறந்துவிட்டுருப்பாரு."

"அதான் இல்லையே."

அவன் ஏலச்செடி ஓரத்துக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் மகன் கார்த்தி ஏறி வந்தான். இடுப்பில் ஈரவேட்டி, மேலுக்குச் சட்டை இல்லை. பின்னால் சங்கு ஊதும் முத்துக்கண்ணன், கையில் சங்கோடு. கார்த்தி படலுக்கு அந்தப் பக்கம் நின்று தரையைப் பார்த்தான்.

"அத்தே."

பிறந்து வளர்ந்த காலத்துக்கு அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. காரியம் ஆகவேண்டுமென்றால் முறை தன்னால் வந்துவிடுகிறது.

"மழை வரப்போகுது அத்தே. வெரசா எடுக்கணும். வேற வழியில்ல."

"எடுங்க. யாரு வேண்டாம்னா?"

"படலைத் தெறந்து விடுங்க."

ராக்கு அவனை நிதானமாகப் பார்த்தாள். அப்படியே அண்ணனின் மூக்கு. அதைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது.

"தெறக்குறேன். ஆனா என் வேலிக்குள்ள கொட்டுக் கூடாது. சங்கு கூடாது. சத்தம் போட்டு அழுகவும் கூடாது. இந்தப் படல்லருந்து அந்தக் கடைசி எல்லைக்கல்லு வரைக்கும் ஒரு சத்தம் கேக்கக் கூடாது."

முத்துக்கண்ணன் பதறிப்போனார். "ஆத்தா, நாட்டாமை ஆத்தா அவரு. சங்கு இல்லாம எப்படி? அநாதைப் பொணமா?"

"எங்க வீட்டு ஆளும் அநாதை இல்லண்ணே. நீங்களும் தெருமுனையில நின்னியளே. அன்னைக்கி ஒங்களுக்கு வாயி வரலையே."

முத்துக்கண்ணன் சங்கைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.  கார்த்தி கத்துவான், சண்டை போடுவான் என்று அவள் காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும். அவன் கத்தவில்லை.

"சரி அத்தே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவள் கம்பியைப் பிரித்தாள். அண்ணன் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு வார்த்தை வைத்திருந்தாள். 'சத்தமில்லாமப் போறது நல்லாருக்காண்ணே?' அதைத்தான் இத்தனை நாளும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

படலுக்கு வெளியே கொட்டு நின்றது. பாடை உள்ளே வந்தது. தூக்கியவர்களின் மூச்சும் ஈரச் சருகில் கால் படுவதும் தவிர எதுவும் கேட்கவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. அண்ணன் முகம் பக்கத்தில் வந்தது. நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, கொஞ்சம் சின்னதாகிவிட்ட முகம். அவள் வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் கார்த்தியின் கால் கண்ணில் பட்டது. முன்பக்கம் தோள் கொடுத்திருந்தான். கெண்டைக்காலில் மூன்று அட்டை ஒட்டியிருந்தது. ரத்தம் குதிகாலுக்கு வழிந்தது. இரண்டு கையும் மூங்கிலைப் பிடித்திருந்ததால் தட்டிவிட முடியாமல் நடந்தான். சின்ன வயசில் இந்தச் சரிவில்தான் அண்ணன் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போவார். அட்டை தங்கச்சியைக் கடிக்கக்கூடாது. தன் காலில் கடித்ததை வீட்டுக்குப் போய்த்தான் சுண்ணாம்பு வைத்து எடுப்பார்.

சொல்ல வைத்திருந்த வார்த்தை வரவில்லை. அடிவயிற்றிலிருந்து வேறொன்று கிளம்பி வந்தது. ஞானபாக்கியம் ஆவதற்கு முன் இந்த மலையில் எந்தச் சாவு வீட்டுக்கும் ராக்குவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒப்பாரி எடுத்தால் எஸ்டேட்டில் காய் எடுக்கும் பெண்கள் கையை நிறுத்துவார்கள். சபைக்குப் போனபின் விட்டுவிட்டாள். விட்டுவிட்டதாக நினைத்திருந்தாள். 'அட்டை கடிச்ச காலோட அக்கரைக்குப் போறியளோ' என்று முதல் அடி முழுசாகத் தொண்டைக்கு வந்துவிட்டது.

தூக்கியவர்களில் ஒருவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

ராக்கு முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

பாடை ஏலச்செடிகளுக்கு நடுவே போனது. கடைசிக் கல்லைத் தாண்டிய நொடியில் முத்துக்கண்ணன் சங்கை எடுத்து ஊதினார். நீளமாக ஊதினார். கொட்டு எழுந்தது, ஆண்கள் வாய்விட்டு அழுதார்கள். கார்த்தியின் குரல் தனியாகக் கேட்டது. அவள் தோட்டத்தின் எல்லைவரைக்கும் நடந்தாள். ஒரு எட்டு வைத்தால் அந்தப் பக்கம்; அவள் போட்ட தடை அங்கே இல்லை. ஆனால் ஓடைக்கரைக்குப் பெண்கள் போகும் வழக்கமில்லை.

ஜான் பின்னால் வந்து தோளைத் தொட்டான்.

"அவுக போயிட்டாகம்மா. துணிய எடு. நம்ம எடம்தான, அழுகு. யாரு கேக்கப் போறா?"

அவள் தலையை ஆட்டினாள். கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடைக்கரையில் புகை எழும்பி, மேகத்தோடு சேர்ந்து, எது புகை எது மேகம் என்று தெரியாமல் ஆகும்வரைக்கும் அவள் வாயிலிருந்து துணியை எடுக்கவில்லை.