சொல்லிக்கொடுத்த சொந்தப் பதில்கள்

தொண்ணூற்றேழில் பெருந்துறைப் பயிற்சி முகாமுக்குப் போன ரூபினா டீச்சர் புது ஆளாகக் கோயமுத்தூர் திரும்பினார். கன்றுக்குட்டிக் கதை ஒன்றைப் படித்ததும் "கன்று யாருடையது?" என்று கேட்கக்கூடாதாம். "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்க வேண்டுமாம். எல்லாப் பதிலும் சரிதானாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கல்வி அதிகாரி வருகிறார், நீங்கள்தான் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னதும் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் வாயைத் திறக்காவிட்டால் மானம் போய்விடும்.

அதற்காக நாலாம் வகுப்பில் ஓர் ஒத்திகை வைத்தார். சந்தைக்குப் போகவிருந்த கன்றுக்குட்டியைச் சோளத்தட்டுப் போருக்குள் ஒளித்துவைத்த பையனின் கதை அது. அவன் செய்ததைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். இஃப்ராதான் முதலில் கை தூக்கினாள்.

"கன்னுக்குட்டி அதோட அம்மாவைத் தேடியிருக்குமுங்க டீச்சர். இவனுந்தானே பிரிச்சு வெச்சான்?"

ரூபினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதைப் பிடித்துக்கொண்டு அதிகாரி மேலே ஏதாவது கேட்டால் தான் என்ன சொல்வது?

"அது வேண்டாங் கண்ணு. உனக்கு வேற சொல்றேன்."

ரைஹானுக்குப் பாசம், தல்ஹாவுக்குத் தைரியம், இன்னொருத்திக்கு ஒளித்துவைத்தது தப்பு என்று ஆளுக்கொரு பதிலாகப் பிரித்துக் கொடுத்தார். எல்லாம் வேறுவேறாக இருந்ததில் அவருக்கே பெருமை. அந்த அவசரத்தில் இஃப்ராவை மறந்துபோனார்.

மாதிரி வகுப்பு அமோகமாக நடந்தது. கைகள் மளமளவென உயர்ந்தன. அதிகாரியம்மா தலையாட்டிக்கொண்டே வந்தவர், கை தூக்காத இஃப்ராவிடம் நின்றார்.

"நீ என்ன நினைக்கிறே அம்மணி?"

இஃப்ரா மரியாதையாக எழுந்தாள்.

"நான் நினைச்சது வேண்டாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க மேடம். வேற இன்னும் குடுக்கலீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அதிகாரியம்மா பேனாவை மூடினார். ரூபினா நேராக இருந்த முக்காட்டையே மறுபடி மறுபடி சரிசெய்தார். காது மடல் எரிந்தது.

அதிகாரியம்மா போன பிறகும் அவமானம் போகவில்லை. அதிகாரி முன்னால் தலைகுனிந்தது பெரிதில்லை. ஒத்திகையில் யாரும் சொல்லாமலே உயர்ந்த கை இன்று உயரவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது. இஃப்ராவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீ சொன்னதுதாங் கண்ணு நல்ல பதிலு. தப்பு என்னுது. இப்பச் சொல்லு, உனக்கு என்ன தோணுது?"

இஃப்ரா நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்தாள்.

"நீங்களே சொல்லிருங்க டீச்சர். மனப்பாடம் பண்ணிட்டு வாரேனுங்க."