ஒர்பாவின் இரண்டாவது சாட்சி

1

இந்தக் கதை ஒரு சினிமாவுக்காகப் பிறந்தது. தயாரிப்பாளர் ஒரே வரி சொன்னார்: "ஒரு பயணி. அவளைப் பத்திரமா கொண்டுபோய்ச் சேர்க்க ரெண்டு கொள்ளைக்காரங்க. மிச்சத்தை நீங்க பாத்துக்குங்க."

நான் பார்த்துக்கொண்டதில், கடைசிக் காட்சி நில அலுவலகத்தில் ஒரு மேசை முன்னால் வந்து நின்றது. துப்பாக்கி எங்கே என்றார். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றேன். காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

படம் போயிற்று. ஒர்பா போகவில்லை.

2

முதல் ஆரம்பம்: 'சூரியன் பாறைகளின்மேல் இரத்தமாக வழிந்து...' வேண்டாம். அமெரிக்காவின் வயோமிங்கில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். அங்கே சூரியன் அப்படியெல்லாம் செய்வதில்லை. காற்றுதான் மண்ணை வாரி வாயில் போடும்.

இரண்டாவது ஆரம்பம்: 1876, ஏப்ரல். ஒர்பா ஹாஸ்கின்ஸ் என்ற விதவை தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, குதிரைமேல் காத்திருந்த லெம் டகட், ஹிராம் என்ற இரு கொள்ளைக்காரர்களிடம் சொன்னாள்:

"நாலு மணிக்குள்ள கேண்டில் கிரீக் நில ஆபீஸ்ல என்னை இறக்கிவிடணும். வழியில பேச்சு வேண்டாம். பாட்டு அறவே வேண்டாம்."

"விசில்?" என்றான் ஹிராம்.

இது நிற்கும்.

அரசாங்க நிலம் நூற்று அறுபது ஏக்கரில் ஒர்பா ஐந்து வருடம் குடியிருந்து உழுதிருக்கிறாள். இன்று நாலு மணிக்குள் இரண்டு சாட்சிகளோடு போய்ச் சத்தியம் செய்தால் பட்டா. தவறினால், அவளுடைய ஓடைமேல் கண்வைத்திருக்கும் மாட்டுப்பண்ணைக்காரர் கிராண்டல் வளைத்துக்கொள்வார். சாட்சி சொல்லப்போகும் பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவரும் நேரே ஊருக்கு வந்துவிடுவதாக ஏற்பாடு. சாலையில் கிராண்டலின் ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பயப்படாதவர்கள் அந்த வட்டாரத்திலேயே லெம்மும் ஹிராமும்தான்.

3

(இங்கே ஒரு துரத்தல் எழுதினேன். பதினோரு குதிரை, ஒரு பள்ளத்தாக்கு. குதிரைகள் நன்றாகத்தான் ஓடின. ஆனால் லெம்மின் முகத்தைப் பார்த்தால் கிராண்டலின் ஆட்கள் தாமாகவே ஒதுங்குவார்கள் என்பது பாதியில்தான் உறைத்தது. அடித்துவிட்டேன். மிஞ்சியது இவ்வளவுதான்.)

"என்ன லெம் அண்ணே, இந்தப் பக்கம்?"

"சம்பந்தம் பேசப் போறேன். வழிய விடு."

4

நில அலுவலகத்தில் பக்கத்து நிலத்துக்காரர்கள் இல்லை. நேற்றே தங்கள் நிலத்தைக் கிராண்டலுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு இருவரும் ரயிலேறியிருந்தார்கள். மணி மூன்றரை.

குமாஸ்தா கெட்டவரல்ல. (முதல் பிரதியில் லஞ்சம் வாங்கினார். கழுவிவிட்டேன்.)

"சாட்சி யாரா வேணா இருக்கலாம்மா," என்றார். "நீங்க அங்கயே குடியிருந்ததைக் கண்ணால பாத்திருக்கணும். பைபிள்மேல கைய வெச்சு, பேரைச் சொல்லணும்."

"நான் பாத்திருக்கேன்," என்றான் ஹிராம்.

ஒர்பா திரும்பினாள். "எங்கேருந்து?"

"எதிர் மேட்டுலேருந்துதான். எங்க குகை அங்கதான இருக்கு."

ஹிராம் சொந்தப் பெயரையே சொல்லிக் கையெழுத்துப் போட்டான். "என் பாவமெல்லாம் கான்சஸ் மாநிலத்துலதான்," என்று ஒர்பாவின் காதில் சொன்னான். "இங்க நான் பச்சைக் குழந்தை."

"நடுவுல எங்கயாச்சும் போயிருந்தாங்களா?" குமாஸ்தா கேட்டார்.

கதவருகே நின்ற லெம் தன்னை அறியாமல் பதில் சொன்னான். "புகைபோக்கில புகை வராதது நாலே நாள். மூணாவது வருஷம். காய்ச்சலா கிடந்தாங்க."

ஒர்பா அவனை நெடுநேரம் பார்த்தாள். "அந்த நாலு நாளும் மாடு கத்தவே இல்ல. என்னடா இதுன்னு நெனச்சேன்."

"வேளாவேளைக்குக் கறந்தா ஏன் கத்தப்போகுது?"

"பால்?"

"ஹிராம் குடிச்சான்."

குமாஸ்தா புதுத் தாளை எடுத்தார். "அப்ப நீங்கதான் ரெண்டாவது சாட்சி. பேரு?"

அவருக்குப் பின்னால் சுவரில் ஓர் அறிவிப்பு தொங்கியது. உயிரோடோ பிணமாகவோ பிடித்துத் தருபவருக்குச் சன்மானம். அதிலிருந்த படம் லெம்மை ஒருபோதும் பார்த்திராதவர் வரைந்தது. பெயர் மட்டும் சரியாக இருந்தது.

5

பொய்ப் பெயர் சொல்லட்டுமே என்பீர்கள். எழுதிப் பார்த்தேன். ஆறே மாதத்தில் கிராண்டலின் வக்கீல் அப்படியொரு ஆளே கிடையாது என்று நிரூபித்துப் பட்டாவை ரத்துசெய்துவிட்டார். உண்மைப் பெயரென்றால் நிலம் ஒர்பாவுக்கு, தூக்குக்கயிறு லெம்முக்கு. ஷெரிப் எதிர்வரிசை முடிதிருத்தும் கடையில் சவரம் செய்துகொண்டிருக்கிறார்.

குமாஸ்தா கண்டும் காணாமல் விடுவதாக ஒரு முடிவு எழுதினேன். அவரை அவ்வளவு நல்லவராக நான் வளர்க்கவில்லை.

ஒர்பாவைப் பேசவிட்டேன்.

"யோவ் லெம், வா போகலாம். வெறும் மண்ணுதான?"

"மண்ணா? அஞ்சு வருஷம் மேலேருந்து பாத்தவன்கிட்டயா சொல்றீங்க?"

அவன் தொப்பியைக் கழற்றினான். பைபிளின்மேல் கை வைத்தான். "என் பேரு

இந்த வாக்கியத்தில் நான்கு முறை நின்றுவிட்டேன். மணி நாலாக இரண்டு நிமிடம். குமாஸ்தா மை தொட்டுவிட்டார். ஒரு பெயர்தான், நீங்கள் எழுதிவிடுங்கள். எழுதி முடிக்கும்வரை ஒர்பாவின் முகத்தைப் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டேன்.